உதவிநிதிப் படிவத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்கலாமா?

கச்சேரியடி (இழையைத் தொடங்கியவர்)

எங்கட மன்றத்தின்ர கல்வி உதவிநிதியில இந்த முறை ஏ.எல் விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரு பிள்ளையைத்தான் எடுக்கலாம். ரெண்டு வருசத்துக்கு ரியூசன் காசும் பஸ் காசும் குடுக்கிற நிதி. வந்த விண்ணப்பங்களில கடைசியா ரெண்டு மிஞ்சிச்சு. ஓ.எல் பெறுபேறு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஒரு பிள்ளையின்ர தகப்பன் கந்தோரில சின்ன உத்தியோகம், தாய் முன்பள்ளி ஆசிரியை. மற்றப் பிள்ளையின்ர தகப்பன் கசிப்பு வழக்கில மறியலுக்குப் போய் வந்தவர், இப்பவும் குடி. தாய் கருவாட்டு வாடியில நாள் சம்பளத்துக்குப் போறா.

எங்கட படிவத்தில 'குடும்பப் பின்னணி' எண்டு ஒரு பெட்டி இருக்கு. பெறுபேற்றுப் பக்கத்தைத் திருப்பியும் பார்க்காம, அந்தப் பெட்டியை வாசிச்ச கையோட கூட்டத்தில ஒருத்தர் கேட்டார்: "அந்த வீட்டுப் பிள்ளையா?" ஒருத்தரும் மறுத்துப் பேசேல்ல. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கு.

திருகோணமலையில எங்க போனாலும் முதல் கேள்வி "ஆற்றை பிள்ளை?" எண்டுதான். பஸ் நிலையத்தில கேப்பாங்க, கோயில் வீதியில கேப்பாங்க, வேலைக்குப் போனாலும் கேப்பாங்க. உதவி குடுக்கிற இடத்திலயும் அதுதான் கேள்வி எண்டால், அந்தப் பிள்ளை பதினாறு வருசமா எந்த வீட்டுக்குள்ள இருந்து தலையை நிமித்தப் பார்க்குதோ, திரும்ப அந்த வீட்டுக்குள்ளதான் நாங்களும் தள்ளி விடுறம். அந்தப் பெட்டியை எடுக்கவேணும் எண்டது என்ர நிலைப்பாடு. உங்கட கருத்தைச் சொல்லுங்க. பிள்ளையின்ர ஊரையோ பாடசாலையையோ ஊகிச்சு ஒருத்தரும் எழுத வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

தம்பி, உங்கள் மனம் நல்லது. ஆனால் பெட்டியை எடுக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

குடும்பம் பிள்ளையைத் தீர்மானிப்பதில்லை என்பது மேடையில் சொல்ல நல்ல வசனம். வகுப்பறையில் நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தரம் ஆறுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து, திகதி எழுதி, அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீறிவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளை முதல்நாள் எந்தக் கொப்பியில் எழுதியது என்று தேடிக்கொண்டிருக்கும். மூளையில் இரண்டும் சமம். அந்தக் கோட்டைக் கீறியது பிள்ளையின் கை மட்டுமல்ல. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். ஏ.எல் விஞ்ஞானம் என்பது இரண்டரை வருடம் அப்படி உட்காருகிற வேலை. இடையில் வீட்டில் ஒரு சண்டை, ஒரு பொலிஸ், ஒரு வைத்தியசாலை என்றால் ஒரு தவணை போய்விடும். போன தவணை திரும்பி வராது.

முன்பு ஒரு சங்கத்தில் நான் இருந்தபோது, பிள்ளையின் கையில் கொடுத்த காசைத் தகப்பன் வாங்கிக் குடித்தார். பிள்ளை வெட்கத்தில் வகுப்புக்கே வராமல் நின்றுவிட்டது. நாங்கள் உதவி செய்தோமா, கெடுத்தோமா? இருப்பது ஓர் இடம். அது எந்தப் பிள்ளைக்குப் பயன்படும் என்று பார்ப்பது பாரபட்சம் ஆகாது. பொதுக் காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களின் கடமை அது.

திருக்கடலூரான்

சேர் சொல்றது சரி. வீடுதான் எல்லாம்.

எங்கட அப்பாவுக்கு கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். வாடைக் காத்து நேரம் கடலுக்குப் போகேலாது தானே, அப்ப முழுக்க வீட்டு முத்தத்தில வலை தைக்கிறதுதான் வேலை. என்னையும் பக்கத்தில இருத்துவார். நான் போட்ட முடிச்சை இழுத்துப் பாப்பார். இளகிச்சு எண்டா ஒரு சொல்லும் சொல்லமாட்டார், சின்னக் கத்தியால வெட்டிவிட்டுத் திரும்ப என்ர கையில தருவார். ஏச்சில்ல, அடியில்ல. இருட்டும் வரைக்கும் வெட்டுவார், நான் போடுவன். இண்டைக்கு எனக்குச் சொந்தமா போட் இருக்கு, கூட வாறவங்களுக்குப் பங்கை ஒரு சதம் பிசகாமப் பிரிச்சுக் குடுக்கிறன் எண்டால் அது அந்த முத்தத்தில படிச்சதுதான்.

ஆனா ஒண்டு கேக்கோணும். எங்கட அப்பாவை உங்கட பெட்டியில என்னெண்டு எழுதுவீங்க? 'தொழில்: மீன்பிடி. கல்வி: இல்லை.' அவ்வளவுதானே? அதை வாசிக்கிறவருக்கு அந்தக் கத்தி தெரியுமா?

உயிரியல் வாத்தி

உணர்ச்சியை ஒருபக்கம் வைப்போம். வளர்ப்பு, வளர்ப்பு என்று எல்லோரும் பேசுகிறீர்கள். வளர்ப்பின் பங்கை நாங்கள் கூடுதலாக மதிப்பிடுகிறோம்.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பூச்சாட் குழு 1979 இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பிறந்து கொஞ்ச நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்த ஒத்த இரட்டையர்கள் குணத்தில் எவ்வளவு ஒத்திருந்தார்களோ, ஏறக்குறைய அதே அளவுக்குப் பிரிந்து வளர்ந்தவர்களும் ஒத்திருந்தார்கள். 1990 இல் அதை வெளியிட்டார்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே சோறு, ஒரே பள்ளிக்கூடம் என்று வளர்ந்த சகோதரங்கள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று அவரவர் வீட்டிலேயே பார்க்கலாம்.

வளர்ப்பு ஆழமாக வேலை செய்கிற காலம் ஒன்று உண்டு, அது மிகச் சின்ன வயது. ருமேனியாவின் அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000 ஆம் ஆண்டு புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் ஒரு வீடு கிடைத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. பதினாறு வயதில் போய் ரியூசன் காசு கொடுத்து ஒரு பிள்ளையின் விதியை மாற்றலாம் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இரவுக்கடமைத் தாதி

வாத்தியார், நீங்க சொன்ன ரெண்டு ஆய்வும் உண்மைதான். ஆனா அதில இருந்து நீங்க எடுக்கிற முடிவு பிழை.

இரட்டையர் ஆய்வுகளில எடுத்த வீடுகள் பெரும்பாலும் சோத்துக்குக் கஷ்டப்படாத வீடுகள். அமெரிக்காவில எரிக் டேர்க்கைமர் எண்டவர் ஏழைக் குடும்பத்து இரட்டையர்களையும் சேர்த்து 2003 இல ஒரு ஆய்வு வெளியிட்டார். ஏழு வயசுப் பிள்ளைகள். வசதியான வீடுகளில பிள்ளைகளின்ர அறிவுத்திறன் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் பரம்பரைதான் காரணமா இருந்திச்சு. ஏழை வீடுகளில பரம்பரையின்ர பங்கு கிட்டத்தட்ட ஒண்டுமில்ல எண்டளவுக்குக் குறைஞ்சு, வீட்டுச் சூழல்தான் கூடுதலாத் தீர்மானிச்சிச்சு. வயிறு நிறைஞ்ச வீட்டில என்ன இருந்தா என்ன எண்டு சொல்லலாம். இல்லாத வீட்டில ஒவ்வொரு ரூபாயும், பக்கத்தில இருக்கிற ஒவ்வொரு ஆளும் கணக்கில வரும்.

பதினாறு வயசு பிந்தின வயசு எண்டதுக்கு: ஹவாயில கவாய் எண்டொரு தீவு. 1955 இல அங்க பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் எண்ட உளவியலாளரும் அவங்கட குழுவும் நாப்பது வயசு வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தாங்க. அதில மூண்டில ஒரு பங்குப் பிள்ளைகள் வறுமை, ஓயாத சண்டை, தாய் தகப்பனுக்குக் குடி அல்லது மனநோய் எண்ட மாதிரி பல கஷ்டம் ஒண்டாச் சேர்ந்த வீடுகளில பிறந்தவங்க. அந்தப் பிள்ளைகளிலயும் மூண்டில ஒரு பங்கு நல்ல மனிசரா, வேலை பார்த்துக் குடும்பம் நடத்துற ஆக்களா வந்தாங்க. அவங்கட வாழ்க்கையில பெரும்பாலும் ஒரு ஆள் இருந்திச்சு. அம்மம்மாவோ, மாமியோ, ஒரு ரீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பிள்ளையை விட்டுப் போகாத ஒரு ஆள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

தங்கச்சி, நீங்கள் சொன்ன கணக்கையே எடுக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு கரையேறியது என்றால் மூன்றில் இரண்டு பங்கு கரையேறவில்லை. எங்களிடம் இருப்பது ஓர் இடம். எந்தப் பிள்ளையில் வைக்கச் சொல்கிறீர்கள்? குடும்பம் முக்கியம் என்றுதான் நானும் சொன்னேன். உங்கள் ஆய்வும் அதைத்தான் சொல்கிறது.

இரவுக்கடமைத் தாதி

சேர், அந்த ரெண்டு பங்கின்ர கதை பதினெட்டு வயசோட முடியேல்ல. இளவயசில வழக்கு, படிப்புக் குழப்பம் எண்டு திரிஞ்சவங்களில கனபேர் முப்பது, நாப்பது வயசுக்குள்ள நிமிர்ந்திட்டாங்க. விட்ட படிப்பைத் திரும்பத் தொடர்ந்தவங்க, ஒரு தொழில் பழகினவங்க, நல்ல துணை கிடைச்சவங்க. ரெண்டாம் தரம் ஒரு கதவு திறந்திச்சு, அவ்வளவுதான். உங்கட கையில இருக்கிறதும் அப்படி ஒரு கதவுதான்.

இன்னொண்டு. சின்ன வயசுக் கஷ்டங்களை எண்ணிப் புள்ளி போடுற பெரிய ஆய்வு ஒண்டு 1998 இல அமெரிக்காவில வந்திச்சு, பெலிட்டி, அண்டா எண்ட ரெண்டு வைத்தியர்கள் செய்தது. வீட்டில அடி, குடி, மறியல், மனநோய் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி. நாலோ அதுக்கு மேலயோ போனா பிற்காலத்தில குடிப்பழக்கம், மனச்சோர்வு எல்லாத்துக்கும் ஆபத்துப் பல மடங்கு கூடுது எண்டு காட்டினாங்க. அதுக்குப் பிறகு கன இடத்தில அந்தப் புள்ளியை வச்சுத் தனித்தனி ஆக்களைத் தரம்பிரிக்கத் தொடங்கினாங்க. அதே அண்டாவும் அவரோட சேர்ந்தவங்களும் 2020 இல அப்படிச் செய்யவேண்டாம் எண்டு எழுதினாங்க. ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்ற கணக்கு, முன்னால நிக்கிற ஒரு பிள்ளை என்னவா வரும் எண்டு சொல்லாது. உங்கட பெட்டி அதைத்தானே செய்யுது?

வாட்டில நான் பார்க்கிறதையும் சொல்லிவிடுறன். குடிச்சிட்டு விழுந்து வாற தகப்பன்மாரோட ராவிருட்டில கூட வாறது கனநேரம் பிள்ளைகள்தான். ஒரு பெட்டை, பதினாலு பதினஞ்சு இருக்கும், தகப்பன்ர மருந்துத் துண்டை என்னட்ட வாங்கி, பேரையும் நேரத்தையும் தன்ர கணக்குக் கொப்பியின்ர பின்பக்கத்தில வடிவா எழுதிச்சு. விடிய அஞ்சு மணிக்குக் குளிசையைத் தானே எண்ணிக் குடுத்திச்சு. உத்தியோகத்தர் வீட்டில இருந்து வாற பிள்ளைக்கு இந்தப் பொறுப்பு இருக்கும் எண்டு என்னால சொல்லேலாது. 'குடும்பப் பின்னணி' எண்ட பெட்டியில இதுக்கு எத்தினை புள்ளி?

கிண்ணியாக்காரன்

பின்னணி அறிக்கை எண்டா என்ன எண்டு எங்கட பக்கத்துப் பொம்பிளைகளுட்டக் கேளுங்க. 2013 இல அரசாங்கம் ஒரு சுற்றுநிருபம் கொண்டு வந்திச்சு. வீட்டு வேலைக்கு வெளிநாடு போற பொம்பிளை, குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கோணும் எண்டு. அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா போகேலாது எண்டு அப்ப இருந்திச்சு. பிள்ளை கெட்டுப் போயிருமாம். வெளிநாடு போற வாப்பாமாருக்கு அப்படி ஒரு அறிக்கையும் இருக்கல்ல. பிள்ளை வளக்கிறது உம்மாட தலையில மட்டும் எண்டு கந்தோரில சீல் குத்தி எழுதிட்டாங்க.

எங்கட உம்மா அந்தச் சுற்றுநிருபத்துக்கு முந்தியே சவூதி போனவ. சுனாமியில வீடு போய், வாப்பாட தொழிலும் போன பிறகு வேற வழி இருக்கல்ல. என்னை வளத்தது உம்மும்மா. அவவுக்கு எழுதப் படிக்கத் தெரியா. ஆனா மஹ்ரிபுக்குப் பிறகு நான் புத்தகத்தை எடுத்துச் சத்தமா வாசிக்கோணும், அவ பாய் இழைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு இரிப்பா. வாசிக்கிறது நிண்டா பாயும் நிக்கும், தலையைத் தூக்கிப் பாப்பா. உம்மா கிழமைக்கு ஒருக்கா போன் எடுப்பா. "உம்மா இல்லாத பிள்ளை" எண்டு ஊரில கனபேர் என்னைத் தள்ளி வச்சாங்க. நான் இப்ப கணக்காளர். உம்மா அங்க உழைச்சா, உம்மும்மா இங்க உழைச்சா, எனக்கு ரெண்டு உம்மா இருந்தாங்க. அறிக்கையில அது 'தாய் பராமரிப்பில் இல்லை'.

ஆசிரியர் ஐயா, நீங்க கெட்டவர் இல்ல எண்டு எனக்கு விளங்குது. ஆனா ஒரு பிள்ளைக்கு வீட்டில ஆள் இருக்கா இல்லையா எண்டதை, தகப்பன் குடிகாரன் எண்ட ஒரு வரியை வச்சு உங்களால அறியேலா.

வளாக மாணவி, கோணேசபுரி

இந்த இழையில ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல, ஆனா கொஞ்ச நேரத்தில யாராவது சொல்லத்தான் போறீங்க: "சேத்தில முளைச்ச செந்தாமரை". எனக்குப் பரிசளிப்பு விழாவிலயே மைக்கில சொன்னாங்க. தயவுசெய்து அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதீங்க. சேறு எண்டு சொல்றது எங்கட அம்மாவை.

நாங்கள் சம்பூர். 2006 இல சண்டையால ஊரை விட்டு வெளிக்கிட்டம், எனக்கு அப்ப சின்ன வயசு. கிளிவெட்டி முகாமிலதான் நான் வளந்தது. காணி விடுபட்டு ஆக்கள் திரும்பிப் போகத் தொடங்கினது 2015க்குப் பிறகு. எங்கட அப்பா குடிகாரனாப் பிறக்கேல்ல. சம்பூரில அவருக்கு வயல் இருந்திச்சு, மாடு இருந்திச்சு, காலையில நாலு மணிக்கு எழும்புவார் எண்டு அம்மா சொல்லுவா. முகாமில எழும்பி எங்க போறது? தகரக் கொட்டிலுக்கு முன்னால நாள் முழுக்க இருந்த மனிசனுக்குப் பின்னேரத்தில யாரோ ஒருத்தர் ஒரு போத்தலைக் கொண்டு வந்து குடுத்தார். அதோட தொடங்கினது. எனக்குத் தெரிஞ்ச அப்பா அந்த அப்பாதான். படிவத்தில 'தந்தை: மதுப்பழக்கம்' எண்டு எழுதலாம். 'தந்தை: வயலைப் பறிகுடுத்தவர்' எண்டு எழுத அதில இடமில்ல. குடும்பப் பின்னணி எண்டு நீங்க கேக்கிறது பாதி அந்தக் குடும்பத்துக்கு மற்றவங்க செய்தது.

அம்மா கொட்டிலுக்குக் குறுக்க ஒரு சீலையைக் கட்டி, அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நானும் லாம்பும் எண்டு பிரிச்சு வச்சா. மண்ணெண்ணெயைச் சோடா மூடியால அளந்து விடுவா. சோதினை நேரம் ரெண்டு மூடி கூட. அப்பா சத்தம் போட்டா, "பிள்ளை படிக்குது" எண்டு ஒரு சொல்தான். எவ்வளவு வெறியிலயும் அந்தச் சொல்லுக்கு அவர் அடங்கிப் போவார். அவரும் என்னைப் படிப்பிச்ச ஆள்தான் எண்டு நான் நினைக்கிறன். இதை வெளியில சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது.

உயிரியல் வாத்தி

தங்கச்சி, வாசித்தேன். டேர்க்கைமரின் ஆய்வு அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியது, அதை அப்படியே இங்கே பொருத்தலாமா என்ற கேள்வியை நான் விடவில்லை. ஆனால் இந்தப் படிவ விசயத்தில் பெட்டியை வைத்துப் பிள்ளையைக் கழிப்பதற்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்பதோடு நான் உடன்படுகிறேன். பரம்பரை பெரிது என்று சொல்கிற நானே தகப்பனின் தொழிலைப் பார்த்துப் பிள்ளையின் திறமையைச் சொல்லமாட்டேன்.

கச்சேரியடி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவும் வாசிச்ச பிறகு என்ர நிலைப்பாட்டை இன்னும் தெளிவாச் சொல்றன்.

மருத்துவம், பொறியியல் மாதிரித் துறைகளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி எடுக்கிறாங்க? 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பின்தங்கின பட்டியலில இருக்கு. எங்கட ஊரில கனபேர் வளாகம் போனது அந்த வழியால. பிள்ளை எங்க இருந்து வருது எண்டு அரசாங்கமும் பார்க்குது, ஆனா பார்த்திட்டுக் கைகுடுக்குது. "இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இடையில நிண்டிடுவாங்க, காசு வீண்" எண்டு கொழும்பில யாரும் சொன்னா நாங்க விடுவமா? அதே வசனத்தை எங்கட மன்றத்தில, எங்கட ஊர்ப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்றது?

அதால பெட்டியை எடுக்காம மாத்திக் கேப்பம். தகப்பன்ர தொழிலும் பழக்கமும் வேண்டாம். படிக்க இடம் இருக்கா, லைற் இருக்கா, பின்னேரத்தில வேற வேலை செய்யவேண்டி இருக்கா, காசை ஆற்றை கையில குடுக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் கூடத் தடை இருக்கோ அந்தப் பிள்ளைக்கு முதல் இடம். ரியூசன் காசை நேர வாத்தியாரிட்டக் கட்டினா சேர் சொன்ன பிரச்சினையும் வராது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

காசை நேரே கட்டுவது நல்ல ஏற்பாடு. அதை ஒப்புக்கொள்கிறேன். மாவட்ட ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே பரீட்சை எழுதிப் புள்ளி எடுத்த பிறகுதான் ஒதுக்கீடு. இங்கே நாங்கள் இரண்டரை வருடத்துக்கு முன்பே பந்தயம் கட்டுகிறோம்.

ஆனால் தாதித் தங்கச்சி ஒன்று சொன்னார், பிறகு கிண்ணியாத் தம்பியும் வளாகத்துப் பிள்ளையும் தங்கள் வாயாலேயே அதைக் காட்டினார்கள். கரையேறிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தது. உம்மும்மா இருந்தார், அம்மா இருந்தார். யாருக்கும் ரியூசன் காசு மட்டும் போதுமாக இருக்கவில்லை. நான் முதலில் இருந்து சொல்வதும் அதுதான். ஆகவே கேட்கிறேன்: இந்தப் பிள்ளைக்கு அந்த ஆள் யார்? தாய் என்றால், வாடியில் இருந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார், அதற்குள் பிள்ளையை யார் பார்ப்பது? இரவில் வீட்டில் குழப்பம் என்றால் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகும்? கிழமைக்கு ஒருமுறை "எந்தப் பாடம் பிந்திப் போயிருக்கு" என்று யார் கேட்பார்?

படிவத்தில் அந்தக் கேள்வியைப் போடுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் அவரின் பெயர். இல்லையென்றால் மன்றத்தில் இருந்து ஒருவரின் பெயர், கையெழுத்தோடு, இரண்டரை வருடத்துக்கு. உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கேள்விதான். பெயர் இல்லாமல் கொண்டுவந்தால் நான் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். பிள்ளையின் மீதுள்ள நம்பிக்கையீனத்தால் அல்ல, எங்கள் மன்றத்தின் மீதுள்ள நம்பிக்கையீனத்தால். காசோலை எழுதிவிட்டுப் படம் எடுத்து, பிறகு மறந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

திருக்கடலூரான்

சேர் இப்பதான் சரியாப் பிடிச்சார். ரெண்டரை வருசம் கையெழுத்து வைக்க எத்தினை பேர் வருவாங்க எண்டு பாப்பம். எனக்குப் பாடம் சொல்லித்தரத் தெரியாது. எங்கட வீட்டில முன் அறை ஒண்டு சும்மா கிடக்கு, மனிசியும் அம்மாவும் எந்த நேரமும் வீட்டில. பக்கமா இருந்தா பிள்ளை வந்து படிக்கலாம்.

கச்சேரியடி

சேரின்ர கேள்வியை அப்படியே படிவத்தில போடுறன். ரெண்டு பிள்ளைக்கும் அடுத்த கூட்டத்துக்கு முதல் திருப்பி அனுப்புவம். கையெழுத்து வைக்கக்கூடிய ஆக்கள் எனக்குத் தனிச் செய்தியில சொல்லுங்க, இங்க பேர் போட வேண்டாம்.

வளாக மாணவி, கோணேசபுரி

அனுப்பிட்டன். பௌதிகம் நான் பார்க்கலாம், இணைந்த கணிதமா உயிரியலா எண்டு சொல்லுங்க, கணிதமெண்டா அதையும் பார்க்கிறன். இரசாயனத்துக்கு வேற ஆள் வேணும். ஞாயிறு பின்னேரம் எண்டா எனக்குச் சரி, நிலாவெளிப் பக்கத்தில இருந்து கடைசி பஸ்ஸுக்கு முதல் முடிக்கவேணும். எந்தப் பிள்ளைக்குக் கிடைச்சாலும் கிடைக்காத மற்றப் பிள்ளையும் வகுப்புக்கு வரலாம் எண்டு கடிதத்தில எழுதிவிடுங்க.